தடங்கலுக்கு வருந்துகிறோம்

"அந்தக் காலத்து டி.வி. மாதிரி வருமா?" எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து உட்காரும்போது வரும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது வரும். நவம்பர் மாதம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரிசையில் நிற்கும்போது கட்டாயம் வரும். ஒருவர் ஷோபனா ரவி என்பார். இன்னொருவர் 'ஒலியும் ஒளியும்' என்பார். மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணத்துக்குத் தெருவே காலியாகிக் கிடந்ததைச் சொல்வார். எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுவோம். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். அன்றைய நிகழ்ச்சிகள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். பல நிகழ்ச்சிகள் சுமார்தான். சில தூங்க வைத்துவிடும். நாம் ஏங்குவது அந்த நிகழ்ச்சிகளுக்காக மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அன்றைக்கு அந்தப் பெட்டிக்குப் பின்னால் நமக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இன்று இல்லை. நான் முப்பத்தெட்டு வருஷம் அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன். வரும் கடிதத்துக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பதில் போகும் வரை துரத்துவதுதான் என் தொழில். ஆகையால் எனக்கு இது கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் நியாயமாகச் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பிறந்த பிள்ளை எப்படிப் பேசும்? அமைச்சர் பாலம் திறந்தார், அமைச்சர் கண்காட்சி திறந்தார் என்றுதான் பேசும். எதிர்க்கட்சிக்காரர் முகம் அபூர்வமாகத்தான் தெரியும். பிறகு 1982 இல் வண்ணம் வந்தது, டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு வந்தது. ராத்திரியில் முக்கியமான நேரமெல்லாம் இந்திக்குப் போயிற்று. புரிகிறதோ இல்லையோ, வேறு சேனல் கிடையாது. பார்த்தே ஆக வேண்டும். இதையெல்லாம் மறந்துவிட்டு அது பொற்காலம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும், தப்பில்லை.

எங்கள் பக்கம் டி.வி. முதலில் வந்தது சொல்தா வீடுகளுக்குத்தான். பிரான்சிலிருந்து மாதாமாதம் பென்ஷன் வருகிறவர்களுக்குத்தானே அந்த விலை கட்டுப்படியாகும்? மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர், சென்னையைப் பார்த்துத் திருப்பி வைக்க ஓர் ஆள். மாடியில் இருப்பவர் "தெரியுதா?" என்று கேட்பார். கீழே இருந்து "போச்சு, போச்சு, பழையபடி திருப்புங்க" என்று குரல் போகும். சில ராத்திரிகளில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். சில ராத்திரிகளில் கட்டெறும்பு ஊர்வது போல் புள்ளி புள்ளியாக ஓடும். நான் காரைக்காலில் வேலை பார்த்த நாட்களில் சென்னையை விட இலங்கையின் ரூபவாகினிதான் தெளிவாகத் தெரிந்தது. ரூபவாகினி 1982 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஆனாலும் காரைக்கால் மாடிகளில் பாதி ஆன்டெனாக்கள் சீக்கிரமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

வாரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும். ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். நடுவில் வயலும் வாழ்வும், குழந்தைகளுக்குக் கண்மணிப் பூங்கா. முத்தியால்பேட்டையில் தறி ஓட்டுகிறவர், வைத்திக்குப்பத்தில் வலை பின்னுகிறவர், தலைமைச் செயலகத்தில் கோப்பு தள்ளுகிற நான், எல்லோரும் நெல்லுக்கு எந்த உரம் எப்போது போட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். எங்களில் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் பார்த்தோம். புகையானுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் என்ன மருந்து என்று கேட்டால் என் மனைவி இன்றைக்கும் ஏதாவது சொல்லுவாள்.

செவ்வாய்க்கிழமை நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை சபாக்களில் நடந்த நாடகங்களைப் பார்க்க நாங்கள் எங்கே போவது? பஸ் ஏறி நூற்றைம்பது கிலோமீட்டர் போய், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வசதி எழுத்தருக்கு ஏது? அந்த மேடைக்காரர்களை எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தது தூர்தர்ஷன்தான். காத்தாடி ராமமூர்த்தி, ஒய்.ஜி. மகேந்திரன், எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று பேர் சொன்னாலே சிரிப்பு வரும். செட் என்று பார்த்தால் ஒரு சோபா, ஒரு ஜன்னல், ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக யார் வந்தாலும் சிரிப்புதான். பிறகு கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' எடுத்தார். சினிமாவில் அவ்வளவு பேர் வாங்கியவர் சின்னத் திரைக்கு வந்தது அப்போது பெரிய சேதி.

செய்தி வாசித்தவர்களைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு கடன் இருக்கிறது. நான் படித்தது முழுக்கப் பிரெஞ்சில். கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாமே பிரெஞ்சு. லுவார் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியும். தென்பெண்ணை எங்கே உற்பத்தியாகிறது என்று பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. தமிழ் என்பது வீட்டிலும் தெருவிலும் சினிமாக் கொட்டகையிலும் பேசுகிற பாஷை. அரசு வேலைக்கு வந்தபோது கோப்பில் ஆங்கிலம், மனுக்களில் தமிழ். மனுக்களுக்குத் தமிழில் பதில் எழுத வேண்டும். 'பரிசீலனை', 'ஒத்திவைப்பு', 'கலந்தாலோசனை' இதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசாத சொற்கள். நான் அவற்றை முதலில் வானொலியில் டெல்லியிலிருந்து வாசித்த சரோஜ் நாராயணசுவாமியிடம் கேட்டேன். பிறகு டி.வி.யில் ஷோபனா ரவி, வரதராஜன், சந்தியா ராஜகோபால், கவிஞர் ஈரோடு தமிழன்பன் என்று வந்தார்கள். தமிழன்பன் கவிஞர் என்பதே எனக்கு அவர் செய்தி வாசிப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஷோபனா ரவியின் புடவையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் பேசினார்கள். நான் கவனித்தது வேறு. ழகரமும் ளகரமும் அவர் வாயில் குழம்பாது. மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே விடுவார். வாக்கியம் முடிந்ததென்றால் முடிந்ததுதான். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே நிதானம். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் தினம் 'திக்தே' உண்டு; வாத்தியார் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில், செய்தி ஓடும்போது நான் ஒரு பழைய நோட்டில் புதுச் சொற்களை எழுதி வைப்பேன். என் அலுவலகத் தமிழ் அப்படித்தான் தேறியது. என்னைப் போல எத்தனையோ பேருக்கு அவர்கள் சம்பளம் வாங்காத தமிழாசிரியர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று படம் நின்றுபோகும். திரையில் ஓர் அட்டை வரும்: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. நாம் எல்லோரும் அதைக் கேலி செய்தோம். பத்திரிகைகளில் எத்தனை ஜோக் வந்தது! பந்தியில் சாம்பார் தாமதமானால்கூட யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். ஆனால் இப்போது யோசித்துப் பாருங்கள். ஓர் அரசாங்க நிறுவனம், பார்க்கிறவன் எவனென்று தெரியாமலே, அவன் நேரம் வீணானதற்கு வருத்தம் தெரிவித்தது. நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் இந்த மாதிரி ஓர் அட்டை இருந்ததில்லை. மூன்று மாதம் கழித்து அனுப்பிய பதிலில்கூட 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று நாங்கள் எழுதமாட்டோம். பார்வையில் கண்டுள்ள கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது என்றுதான் ஆரம்பிப்போம்.

இன்னொன்று 'எதிரொலி'. நேயர்கள் எழுதிய கடிதங்களை வாசித்து, நிலைய இயக்குநரே கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன நிகழ்ச்சி. இந்த நாடகம் நன்றாக இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பார். பாட்டு நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம் கூட்டக்கூடாதா என்று இன்னொருவர். எங்கள் ஊர்ப் பேரைத் தப்பாக உச்சரித்தீர்கள் என்று மூன்றாமவர். இயக்குநர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். சில பதில்கள் மழுப்பலாக இருக்கும். அரசு ஊழியனான எனக்கு மழுப்பலின் இலக்கணம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒரு துறையின் மேலதிகாரி வாரந்தோறும் பொதுமக்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, குறைகளைத் தன் வாயாலேயே படித்து, சமாதானம் சொல்வது சின்ன விஷயமா? வேறு எந்தத் துறையில் அது நடந்தது?

நானும் ஒரு கார்டு போட்டேன். பதினைந்து காசு அஞ்சலட்டை. ரங்கப்பிள்ளை வீதி தலைமைத் தபால் நிலையத்துப் பெட்டியில் என் கையாலேயே போட்டது. எங்கள் வைத்திக்குப்பம் மாசி மகத் தீர்த்தவாரியை ஒரு தடவை படம் பிடித்துக் காட்டலாமே என்று கேட்டிருந்தேன். சில வாரம் கழித்து அந்தக் கார்டு வாசிக்கப்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்து இன்னார் எழுதுகிறார் என்று என் பெயரைச் சொன்னார்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை எத்தனை கடிதங்களில் நானே எழுதியிருக்கிறேன்! அதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பால்காரர் முதற்கொண்டு விசாரித்தார். என் அப்பா, பிள்ளைக்கு வேலை கிடைத்தபோதுகூட அவ்வளவு பேரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இது சென்னையில் மட்டும் நடந்ததில்லை. 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, அன்றைய கதையைப் பற்றி நம்மோடு இரண்டு வார்த்தை பேசுவார். பெரிய நடிகர், வீட்டுப் பெரியவர் மாதிரி பேசினார். அந்தத் தொடருக்குச் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்தன என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு 'சுரபி' வந்தது. சித்தார்த் கக்கும் ரேணுகா சஹானேயும் சிரித்த முகத்தோடு நாட்டின் கலைகளைக் காட்டி, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரே வாரத்தில் 14 லட்சம் அஞ்சலட்டை வந்து குவிந்ததாகக் கணக்கு. தபால் துறை இந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாமல், போட்டிகளுக்கென்றே இரண்டு ரூபாய்க்குத் தனி அஞ்சலட்டை அச்சடித்தது. பதினைந்து காசு கார்டு எங்கே, இரண்டு ரூபாய் கார்டு எங்கே? அப்படியும் எழுதினோம். அந்தக் கார்டு மலைக்குள் கைவிட்டு அவர்கள் ஒன்றை எடுக்கும்போது, நம்முடையதாக இருக்குமோ என்று இங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நட்சத்திரங்கள் விஷயமும் இப்படித்தான். ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரி 25 இல் தொடங்கியது. என் அம்மாவுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் கதை முழுக்கத் தெரியும். ஆகையால் எங்களுக்கு மொழிபெயர்த்தது அவர்தான்! கைகேயி வாயைத் திறக்கும் முன்பே, அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று சொல்லிவிடுவார். அருண் கோவிலையும் தீபிகாவையும் பார்த்து டி.வி. பெட்டிக்குக் கற்பூரம் காட்டிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிறகு பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 1988 அக்டோபர் 2 முதல். நிதிஷ் பரத்வாஜ் கிருஷ்ணனாகச் சிரித்தால் கீதையே கேட்ட மாதிரி இருக்கும். முகேஷ் கன்னா அம்புப் படுக்கையில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒரு வேடிக்கை தெரியுமா? சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் ஒரே கட்சியில் நின்று, இருவருமே நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். நிதிஷ் பரத்வாஜ் 1996 இல் போனார். அருண் கோவில் கடைசியாக 2024 இல் போயிருக்கிறார். ஜனங்கள் கும்பிட்டதோடு நிற்கவில்லை, ஓட்டும் போட்டார்கள். சரியா தப்பா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. திரையில் தெரிந்த முகத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு பந்தம் இருந்தது, அதை ஜனங்கள் நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

'மால்குடி டேஸ்' ஞாபகம் இருக்கும். சங்கர் நாக் எடுத்தது. கர்நாடகத்தில் ஆகும்பே என்கிற மழைக்கிராமத்தை மால்குடியாக மாற்றிவிட்டார். சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தைத் தன் பேரன் என்று நினைக்காத கிழவர் அப்போது இருந்தாரா? அந்தச் சங்கர் நாக் 1990 இல் கார் விபத்தில் போனார், வயது 35. பத்திரிகையில் அதைப் படித்த அன்று அலுவலகத்தில் பாதிப் பேர் வேலை செய்யவில்லை. எங்களில் ஒருவரும் அவரை நேரில் பார்த்ததில்லை, கன்னடமும் தெரியாது.

1993 ஏப்ரல் 14 இல் சன் டி.வி. வந்தது. அதன் பிறகு எல்லாம் கெட்டுப் போயிற்று என்று நண்பர்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. நாகா இயக்கிய 'மர்மதேசம்' ஓடிய ராத்திரிகளில் பெரியவர்கள்கூடத் தனியாகக் கொல்லைப்புறம் போக யோசித்தார்கள். ராதிகாவின் 'சித்தி' ஓடும்போது மணி பார்க்காமலே நேரம் சொல்லலாம். தமிழில் பேசி, தமிழில் சிரித்து, தமிழில் அழுத ஒரு பெட்டி கிடைத்ததே லாபம்தான். டெல்லியின் இந்தியைக் காத்துக்கிடந்து பார்த்தவனுக்குத்தான் அந்த லாபத்தின் அருமை தெரியும்.

ஆனால் அந்த லாபத்தோடு சேர்ந்து ஒரு நஷ்டமும் வந்தது. கடிதம் நின்றது. நாம் என்ன நினைக்கிறோம் என்பதை இப்போது மீட்டர் சொல்கிறது. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் ஒரு கருவியை வைத்து, எந்தச் சேனல் எத்தனை நிமிஷம் ஓடியது என்று கணக்கெடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கருவி இருக்கிறதா? என் வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்த எவர் வீட்டிலும் இல்லை. இருந்தாலும் அந்தக் கருவிக்கு என்ன தெரியும்? ஓடியது என்று தெரியும். மனைவியை இழந்தவர் ஒருவர், வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று பகல் முழுக்க ஓடவிட்டு, சமையலறையில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அவரும் ரசிகர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அவர் ஒரு கார்டு போட முடிந்தால் என்ன எழுதுவார்? மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்தது போதும் என்று எழுதுவார். ராத்திரி விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒருவர் பின் ஒருவராகப் பேசச் சொல்லுங்கள் என்று எழுதுவார். எந்த முகவரிக்கு எழுதுவது?

சென்ற வருஷம் நாங்கள் பணம் கட்டிய சேனல்களில் ஒன்று வராமல் போயிற்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரிதான். போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். புகாருக்கு நாலு. அழுத்தினேன். பிறகு இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் பேசினாள். பாவம், மரியாதையாகத்தான் பேசினாள். புகார் எண் கொடுத்தாள். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று போனில் செய்தி வந்தது. சேனல் மட்டும் வரவில்லை. நான் உத்தியோகத்தில் இருந்தபோது பதில் அனுப்பாமல் ஒரு கோப்பை 'முடிந்தது' என்று மூடியிருந்தால் கண்காணிப்பாளர் என் தோலை உரித்திருப்பார்.

இப்போதுதான் எல்லோரும் நினைத்ததை நினைத்த நிமிஷம் எழுதலாமே, பேஸ்புக் இருக்கிறது, யூடியூபுக்குக் கீழே எழுதலாம் என்று என் பேரன் சொல்கிறான். எழுதலாம்தான். அங்கே ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். படித்து, பொறுப்பேற்று, தன் பெயரைச் சொல்லிப் பதில் சொல்கிறவர் யார்? பெறுநர் முகவரி இருந்தால்தான் அது கடிதம். பெறுநர் இல்லாமல் எழுதுவதைச் சுவரில் கரியால் கிறுக்குவது என்றுதான் நாங்கள் சின்ன வயதில் சொல்வோம்.

சரி, இத்தனையும் சொல்லி நானும் ஒரு பெருமூச்சோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

எண்பதுகளில் பாரிஸிலிருந்து லீவில் வந்த என் பெரியப்பா மகன் சில வீடியோ கேசட்டுகள் கொண்டு வந்தான். பெர்னார் பிவோ என்பவர் ஒவ்வொரு வெள்ளி இரவும் எழுத்தாளர்களைச் சுற்றி உட்கார வைத்துப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் 'அபோஸ்த்ரோஃப்' என்ற நிகழ்ச்சி. 1975 முதல் 1990 வரை நடந்தது. இங்கே வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு, அங்கே வெள்ளிக்கிழமை புத்தகம்! அவர்கள் வண்ண முறை வேறு, நம்முடையது வேறு என்பதால் எங்கள் டி.வி.யில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. பிவோ 2024 மே மாதம் காலமானார். அன்று சாயங்காலம் அவருடைய பழைய நிகழ்ச்சிகளில் ஒன்றை என் கைப்பேசியில், முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, வண்ணத்திலேயே பார்த்தேன். எப்படி முடிந்தது? பிரான்சில் 'இனா' என்ற அரசு நிறுவனம் 1975 முதல் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளைப் பாதுகாக்கிறது. 2006 இல் ஒரு லட்சம் நிகழ்ச்சிகளை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒளிபரப்பானவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று 1992 இல் சட்டமே போட்டார்கள்.

அதே 1975 இல் பிறந்த நம் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகள் எங்கே? அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம். ஒரே நாடாவில் அழித்து அழித்துப் பதிவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். பி.பி.சி.யே அப்படி எவ்வளவோ இழந்திருக்கிறது. அழிந்தது அழிந்ததுதான். மிஞ்சியவற்றில் சிலவற்றைப் பிரசார் பாரதி யூடியூபில் வெளியிட்டு வருகிறது. நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ராமாயணத்தை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு அது பெரிய துணை. ஆனால் நான் தேடுகிற செவ்வாய்க்கிழமை நாடகங்களில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. ஒரு முழு 'எதிரொலி' கிடைக்கவில்லை. ஷோபனா ரவி வாசித்த ஒரு முழுச் செய்தி அறிக்கை, ஆரம்பம் முதல் வணக்கம் வரை, கிடைக்கவில்லை. ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் யாராவது இருப்பார்கள், அவை அழியாது. ஒரு சோபாவும் ஒரு கதவும் வைத்து நடித்தவர்களுக்கும், ழகரம் பிசகாமல் வாசித்தவர்களுக்கும், உரத்தைப் பற்றிப் பேசிய வேளாண் அதிகாரிக்கும் யார் இருக்கிறார்கள்? அவற்றைப் பார்த்த நாம்தான் இருக்கிறோம். நமக்கும் எழுபது தாண்டிவிட்டது.

ஆகவே எழுதுவோம். சென்னை நிலையத்துக்கு 2025 ஆகஸ்ட் 15 இல் 50 வயது முடிந்தது. பொதிகையாகி, இப்போது டி.டி. தமிழ் என்று பெயர். முகவரி மாறவில்லை: சுவாமி சிவானந்தா சாலை, சென்னை. பழைய நாடாக்களில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள், அவற்றை ஒவ்வொன்றாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்போம். எந்த நிகழ்ச்சி, ஏறக்குறைய எந்த வருஷம் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும், இது என் சர்வீஸ் அனுபவம். அந்த நாளில் கேசட்டில் பதிவு செய்து வைத்தவர்கள் உங்களில் இருந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் பிள்ளைகளிடம் சொல்லி மாற்றி வையுங்கள். நிலையத்தில் இல்லாத ஒன்று உங்கள் பரணில் இருக்கலாம்.

என் கார்டை நேற்றே பெட்டியில் போட்டுவிட்டேன். கேட்டிருப்பது மூன்று: ஒரு செய்தி அறிக்கை, ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம், ஓர் எதிரொலி. ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டுக் கடிதம் அனுப்புவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பதில் வந்தால், 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தாலும், அப்படியே இங்கே எழுதுகிறேன்.